பர்சேயா, டீர்னஸா?

ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவுகளில் இடிந்த இடைக்காலத் தேவாலயம் ஒன்றைத்தான் பார்க்க நேரம் இருக்கிறது என்றால், முதலில் டீர்னஸ் பாறைக்குப் போங்கள் என்பேன். பெரும்பாலோர் பர்சே தீவைத்தான் சொல்வார்கள், அதிலும் நியாயம் இருக்கிறது: 12ஆம் நூற்றாண்டுத் தேவாலயத்தின் சுவர்கள், சுற்றிலும் நார்ஸ் (ஸ்காண்டிநேவியாவிலிருந்து வந்து குடியேறிய மக்கள்) வீடுகளின் அடித்தளங்கள், அவர்களுக்கு முன்பே அங்கே வாழ்ந்து வெண்கலம் வார்த்த பிக்ட் மக்களின் (ஸ்காட்லாந்தின் பழங்குடிகள்) தடயங்கள், மூன்று வீரர்களின் உருவங்கள் செதுக்கப்பட்ட கல் (அங்கே நிற்பது நகல்தான், அசல் எடின்பரோ அருங்காட்சியகத்தில்). எல்லாம் கண்ணுக்கு எதிரே தெளிவாக இருக்கிறது.

டீர்னஸ் அப்படி இல்லை. கடலோரச் செங்குத்துப் பாறை மேல் சின்னதாக ஒரு கல் கட்டடம், அப்புறம் புல்மேடுகள், அவ்வளவுதான். ஆனால் 1970களில் தொல்லியலாளர் கிறிஸ்டோபர் மோரிஸ் குழு தோண்டியபோது, கல் தேவாலயத்துக்குக் கீழே இன்னொன்று இருந்தது தெரிந்தது: மரத்தால் கட்டி வெளியே கல் அடுக்கியது. ஆங்கிலேய அரசர் எட்கர் (959–975) காலத்து நாணயமும் கிடைத்தது. ஒரே இடத்தில் மரம் கல்லாக மாறியதை மண் அடுக்கு அடுக்காகக் காட்டியது, எனக்கு அதுதான் பெரிது.

குழந்தைகளோடு போனால் பர்சே. கடல் வற்றும்போது மட்டும்தான் பாதை திறக்கும், ஓத நேரத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.