வாசிப்பு வட்டமா, கலெக்டர் ஆபீஸ் வரிசையா?

சாதி ஒடுக்குமுறையைப் புரிந்துகொண்டு துணை நிற்க நினைக்கும் மதுரைக்காரருக்கு இரண்டு வழி. ஒன்று வாசிப்பு வட்டம். தலித் மக்களைப் பிரித்து வைத்த உத்தப்புரம் சுவரில் ஒரு பகுதியை 2008 மே மாதம்தான் இடித்தார்கள், தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்ட பாப்பாபட்டி, கீரிப்பட்டியில் 2006 வரை ஊராட்சித் தேர்தலையே ஒழுங்காக நடத்தவிடவில்லை என்பதெல்லாம் அங்கே கோவையாகத் தெரியவரும். என்ன, பேசிவிட்டு வடை தின்று கலைவதும் உண்டு.

மற்றது, பாதிக்கப்பட்டவர்களோடு கலெக்டர் ஆபீஸில் நடக்கும் திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்துக்குப் போவது. மனு எழுத உதவலாம், வரிசையில் நிற்கலாம், நகலில் முத்திரை வாங்கலாம். பேசுவது மட்டும் அவர்களாக இருக்கட்டும். (நாம் முந்திக்கொண்டால் கெட்டது காரியம்.) சொந்தக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். 1939இல் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் தலித்துகளை அழைத்துச் சென்ற ஆலயப் பிரவேசத்தை முன்னின்று நடத்திய வைத்தியநாத ஐயரையே வைதிகர்கள் எதிர்த்தார்களே.

என் ஓட்டு இந்த இரண்டாவது வழிக்குத்தான். திங்கள் லீவு கிடைக்காதவர்கள் இப்போதைக்கு வட்டத்தில் சேரலாம்.