ஃபிலிம்ஃப்ரீவேல குறும்படம் அனுப்புறவங்களுக்கு

சிங்கப்பூர் யீஷூன்ல எங்க அடுக்குமாடி புளோக் காரிடார்லயே பாட்டிய வச்சு எடுத்த 17 நிமிஷப் படம், ஒரு வருஷமா ஃபிலிம்ஃப்ரீவேங்கிற சைட் வழியாத்தான் வெளிநாட்டு விழாக்களுக்கு அனுப்பிட்டு இருக்கேன். சேவை நல்லாருக்கு, அஞ்சுக்கு நாலு தாராளமா குடுப்பேன். அக்கவுண்ட் ஓப்பன் பண்ண காசு கட்ட வேணாம், படம், போஸ்டர், கதைச் சுருக்கம் எல்லாம் ஒரு தடவ ஏத்திட்டா போதும், அப்புறம் விழாவத் தேர்ந்தெடுத்து கட்டணம் கட்டினா போயிடும். முன்னாடி இதே வேலைக்கு இருந்த வித்தவுட்டபாக்ஸ்ங்கிற சைட்ட 2019ல மூடிட்டாங்க, அதுக்கப்புறம் பெரும்பாலானவங்க இங்கதான்.

ஆனா கட்டணத்த விழாக்காரங்களே வைக்கிறாங்க, அங்கதான் உஷாரா இருக்கணும். மாசாமாசம் விருது குடுக்குற ஒரு விழாவுக்கு (பேர் வேணாம்) அனுப்பினேன், நாலே நாள்ல செலக்ட் ஆயிடுச்சுன்னு மெயில், கூடவே கோப்பை வேணும்னா தனியா பணம் கட்டணுமாம். அவங்களுக்குன்னு தனியா பாஸ்வேர்ட் போட்டுக் குடுத்த விமியோ (வீடியோ சைட்) லிங்க்க தொறந்து பார்த்தா பிளே கவுண்ட் பூஜ்ஜியம். ஒரு செகண்ட் கூட பாக்காம செலக்ட் பண்ணிருக்காங்க! ரொம்ப வலிச்சுது, பாட்டி ரெண்டு நாள் வெயில்ல நின்னு நடிச்சது அது. இப்பல்லாம் நெசமாவே தியேட்டர்ல திரையிடுறாங்களா, போன வருஷப் படங்களோட பட்டியல் இருக்கான்னு பாத்துட்டுதான் கார்டையே எடுக்குறேன். ஏர்லி பேர்ட் தேதிக்குள்ள, அதாவது சீக்கிரமா அனுப்புறவங்களுக்குன்னு வச்ச தேதிக்குள்ள அனுப்பினா கட்டணமும் குறையும்.

பெரிய விழா எல்லாமே இதுல இருக்காது. ஃபிரான்ஸ்ல நடக்குற கிளெர்மாண்ட் ஃபெராண்ட் குறும்பட விழாவுக்கு ஷார்ட்ஃபிலிம்டிப்போங்கிற வேற சைட்ல அனுப்பணும், கான் விழாவுக்கு அவங்க சொந்த சைட்லயே. கான் குறும்படப் போட்டிக்கு டைட்டில் எல்லாம் சேத்து 15 நிமிஷம் தாண்டக் கூடாது, அதுக்காக மூணு ராத்திரி உக்காந்து வெட்டி 14:50க்கு கொண்டு வந்தேன், உண்மையச் சொன்னா படமே இப்பதான் நல்லாருக்கு. யூடியூப்ல மட்டும் முதல்லயே போட்டுடாதீங்க, பிரீமியர் (முதல் திரையிடல்) கேக்குற விழாக்கள் எடுத்துக்க மாட்டாங்க.

அப்புறம் சப்டைட்டில். தயவுசெஞ்சு இத கடைசி ராத்திரி வேலையா வச்சுக்காதீங்க. படத்துல பாட்டி வாசல் கேட்டப் பூட்டிட்டு "போயிட்டு வரேன்"னு காலி வீட்டப் பாத்து சொல்லுவாங்க, நான் மொதல்ல 'ஐயாம் லீவிங்'னு போட்டுட்டேன், திரும்பி வர்றது அதுல எங்க இருக்கு? என் சீன நண்பன் பாத்துட்டு பாட்டி கோவிச்சுக்கிட்டு வீட்ட விட்டுப் போறாங்கன்னு நெனச்சுட்டான். 'ஐல் பி பேக் சூன்'னு மாத்தினதும் அவனுக்கு அந்த காலி வீடு புரிஞ்சுது, கண்ணு கலங்கிட்டான். அந்த ஒரு வரிய மாத்தி எஸ்ஆர்டி ஃபைல (சப்டைட்டில் ஃபைல்) மறுபடி ஏத்த அஞ்சு நிமிஷம்தான் ஆச்சு, ஆனா அதுக்குள்ள பழைய வரியோட ஆறு விழாவுக்குப் போயிடுச்சு.

இப்ப புதுசா நறுக்கின பிரதிய நம்ம சிங்கப்பூர் அனைத்துலகத் திரைப்பட விழாவுக்கு அனுப்பப் போறேன். 1987ல ஆரம்பிச்ச விழா, தென்கிழக்காசியக் குறும்படங்களுக்குன்னே தனிப் போட்டி வச்சிருக்காங்க. கெடச்சா பாட்டிய பெரிய திரைக்கு முன்னாடி உக்கார வைக்கணும்.