சுகர் மருந்தை மாற்ற குடும்ப டாக்டர் தயங்கினால்: எங்கே போவது?

மூன்று மாத சுகர் சராசரி (HbA1c) 9-ஐ விட்டு இறங்கவே மாட்டேன் என்கிறது. வருடக்கணக்காக அதே மெட்ஃபார்மின், அதே கிளிமிபிரைடு. புது மாத்திரை ஒன்றைப் பற்றிக் கேட்டால், "இதையே போடுங்க, சோத்தைக் குறைங்க" என்கிறார் குடும்ப டாக்டர். இன்சுலின் கேட்டாலும் "இப்போ எதுக்கு?" என்றுதான் பதில். 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) ஆய்வின்படி தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் உண்டு. அதனால் இந்தச் சிக்கல் ஏறக்குறைய எல்லாத் தெருவிலும் இருக்கும். அதே டாக்டரிடம் மறுபடி பேசுவதா, சர்க்கரை நிபுணரிடம் போவதா, அரசு மருத்துவமனையா?

முதலில் குடும்ப டாக்டர். அவர் தயங்குவதைச் சோம்பல் என்று ஒதுக்கிவிட முடியாது. என் அத்தைக்கு ஒரு நிபுணர் டாபாகிளிஃப்ளோசின் எழுதினார். நல்ல மருந்துதான், சிறுநீர் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றும், இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் பாதுகாப்பு தரும். ஆனால் அத்தை சஷ்டிக்கு ஆறு நாள் விரதம் இருப்பவர் என்பது அந்த நிபுணருக்குத் தெரியாது, அவர் கேட்கவும் இல்லை. பட்டினி கிடக்கும் நாட்களில் இந்த மாத்திரையைத் தொடர்ந்தால் ரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலம் ஏறும் ஆபத்து உண்டு. சீட்டைப் பார்த்ததும் "விரதத்துக்கு முன்னாடி இதை எப்போ நிறுத்தணும்னு சொல்றேன், கேட்காம போடாதீங்க" என்று தடுத்தவர் குடும்ப டாக்டர்தான். வீட்டில் யார் சமைக்கிறார்கள், ராத்திரி சுகர் இறங்கினால் எழுப்ப ஆள் உண்டா என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். தனியாக இருக்கும் முதியவருக்கு இன்சுலின் எழுத அவர் யோசிப்பதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் காரணம் சொல்லாமல் தள்ளிப்போடுவதில் நியாயம் இல்லை. இதையும் அழுத்திச் சொல்ல வேண்டும். கிளிமிபிரைடு சுகரைத் தாழ்வாக இறக்கிவிடக்கூடிய மாத்திரை. அடிக்கடி வியர்த்து, கை நடுங்கி, படபடப்பு வருகிறவருக்கும் மாற்று யோசிக்காமல் அதையே தொடர்வது கவனக்குறைவு. அதனால் வெறும் கையோடு போகாதீர்கள். இரண்டு வாரத்துக்கு வெறும் வயிற்றிலும் சாப்பிட்ட பிறகும் எடுத்த அளவுகள், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், சிறுநீர் ஆல்புமின் ரிப்போர்ட் எல்லாம் கையில் இருக்கட்டும். "இந்த மருந்து ஏன் எனக்கு வேண்டாம் டாக்டர்?" என்று நேராகக் கேளுங்கள். 'விலை அதிகம்' என்பது மட்டும்தான் பதில் என்றால், அது இன்று பழைய கதை. டாபாகிளிஃப்ளோசினின் காப்புரிமைகள் 2020-லும் 2023-லும், அதே வகை மாத்திரையான எம்பாகிளிஃப்ளோசினின் காப்புரிமை 2025 மார்ச்சிலும் இங்கே முடிந்துவிட்டன. ஒரு மாத்திரை 60 ரூபாய் அளவில் விற்ற எம்பாகிளிஃப்ளோசின், வேறு கம்பெனிகளின் தயாரிப்பில் பல மடங்கு விலை குறைந்து கிடைக்கிறது.

நிபுணரின் பலம் வேறு. 1948-லேயே ஸ்டான்லி மருத்துவமனையில் டாக்டர் எம். விஸ்வநாதன் சர்க்கரை நோய்க்குத் தனிப் பிரிவு தொடங்கிய ஊர் சென்னை. இந்தத் துறையில் நமக்கு ஆள் பஞ்சம் இல்லை. பாத உணர்வு, விழித்திரை, சிறுநீர் ஆல்புமின் என ஒரே நாளில் பார்த்துவிடுவார்கள். எந்த வகைச் சர்க்கரை (டைப் 1-ஆ, டைப் 2-ஆ) என்ற சந்தேகம் வந்தால் நிபுணர்தான் சரி. ஒல்லியான இளைஞருக்கு மாத்திரை வேலை செய்யவில்லை என்றால், உடலில் இன்சுலின் எவ்வளவு சுரக்கிறது என்று காட்டும் சி-பெப்டைடு போன்ற பரிசோதனைகளை எந்த நேரத்தில் எடுப்பது, முடிவை எப்படிப் படிப்பது என்பது அவருக்குத் தெரியும். குறை, செலவு. பரிசோதனைப் பேக்கேஜைப் பார்த்தாலே மாதச் சம்பளக்காரர் மலைத்துப்போவார். இன்னொன்று, போர்டில் 'சர்க்கரை நோய் நிபுணர்' என்று இருப்பவர்களில் குறுகிய காலச் சான்றிதழ் படிப்பு மட்டும் முடித்தவர்களும் உண்டு. எம்.டி.யா, டி.எம். நாளமில்லாச் சுரப்பியியலா (எண்டோகிரைனாலஜி) என்று பார்த்துவிட்டுப் போங்கள்.

அரசு மருத்துவமனையில் மாத்திரை, இன்சுலின் இரண்டும் இலவசம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. பணம் இல்லை என்று பாதியில் மருந்தை நிறுத்துகிறவர்களுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. ஆனால் நீங்கள் தேடுவது புது மாத்திரை என்றால், ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெரும்பாலும் மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு வகைகளோடு நின்றுவிடும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் சர்க்கரைப் பிரிவுக்குப் போனால் நிபுணர் கருத்தே கிடைக்கும். அரை நாள் காத்திருக்க மனம் வேண்டும்.

மெடிக்கல் ஷாப்பில் கேட்டு நாமே வாங்கிக்கொள்வது? வேண்டவே வேண்டாம். சிறுநீரகத்தின் நிலை தெரியாமல் மெட்ஃபார்மின் அளவைக்கூடக் கூட்டக் கூடாது.

என்னைக் கேட்டால், குடும்ப டாக்டரை விடாதீர்கள். வருடத்துக்கு ஒரு முறை நிபுணரைப் பார்த்து, அவருடைய கருத்தை எழுத்தில் வாங்கி, குடும்ப டாக்டரிடமே கொடுங்கள். பெரும்பாலான டாக்டர்கள் இதைத் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. முகம் சுளிக்கிறவர் என்றால், கைராசிக்காரர் என்பதற்காக மட்டும் அவரிடமே இருக்க வேண்டியதில்லை.

இந்த ஒப்பீடெல்லாம் நிதானமாக முடிவெடுக்க நேரம் உள்ளவர்களுக்கு. எடை மளமளவென்று குறைகிறது, தாகம் அடங்கவில்லை, கூடவே வாந்தியோ வயிற்று வலியோ மூச்சிரைப்போ என்றால் உடனே அருகிலுள்ள பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விட வேண்டும், சீட்டுகளையும் மாத்திரை அட்டைகளையும் கையோடு எடுத்துக்கொண்டு.