சிந்தனை மீட்சியா, ஒலிப்பதிவா, சக ஆசிரியரா? சிறுவர் ஆங்கில வகுப்பைத் திருத்த எது உதவும்

முதலாம், இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் மலேசியத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர் தம் வகுப்பைத் தாமே எடைபோட நான்கு வழிகள் உண்டு. பாடம் எப்படிப் போனது என்று நாள் பாடத்திட்டத்தின் அடியில் எழுதும் சிந்தனை மீட்சி, கைப்பேசி ஒலிப்பதிவு, காணொளி, சக ஆசிரியர் வந்து பார்ப்பது. எவ்வளவு நேரம் பிடிக்கும், மறுநாள் பாடத்தை எது உண்மையில் மாற்றும் என்ற இரண்டு கேள்விகளை வைத்து இவற்றை ஒப்பிடுகிறோம்.

சிந்தனை மீட்சி

ஐந்து நிமிட வேலை. எப்படியும் எழுதித்தான் ஆக வேண்டும். குறை எழுதும் விதத்தில் இருக்கிறது. "25 மாணவர்களில் 20 பேர் நோக்கத்தை அடைந்தனர், 5 பேருக்குக் குறைநீக்கல் நடவடிக்கை" என்ற வரி கோப்புக்குப் போதும், ஆசிரியருக்கு உதவாது. எந்த ஐந்து பேர், எந்தச் சொல்லில் தடுமாறினார்கள்? அதே இடத்தில் இப்படி எழுதிப் பாருங்கள்: "'கேட்' (cat) என்ற சொல்லை நால்வர் 'சாட்' என வாசித்தனர். மலாய் 'சி' (c) எழுத்தின் 'ச்' ஒலி கலக்கிறது. நாளை முதல் 5 நிமிடம்: கோப்பைப் படத்தின் கீழ் மலாய் 'சாவான்' (cawan), ஆங்கில 'கப்' (cup) இரண்டையும் எழுதி, முதலெழுத்து ஒன்று, ஒலி வேறு எனக் காட்டுதல். பிறகு கேட், கப், கார் அட்டைகள்." மறுநாள் பாடம் இங்கேயே தயாராகிவிடுகிறது.

மும்மொழி படிக்கும் பிள்ளைக்கு இந்தக் கலப்பு இயல்பானது. 'ஸ்கூல்' என்பது 'இஸ்கூல்' ஆவதும் 'பஸ்' என்பது 'பஸ்ஸு' ஆவதும் தமிழிலிருந்து வருபவை. கவனக்குறைவு என்று எழுதிவிட்டால் திருத்தும் வழி அடைபட்டுவிடும்.

ஆனாலும் இது நினைவிலிருந்து எழுதுவது. கை தூக்கியவர்கள்தான் நினைவில் நிற்பார்கள். ஆசிரியர் தாம் எப்படிப் பேசினார் என்பதும் இதில் தெரியாது.

ஒலிப்பதிவு

ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொன்னால் இதைத்தான் சொல்வோம். கைப்பேசியை ஆசிரியர் மேசையில் வைத்தால் ஆசிரியர் குரல் மட்டுமே பதியும். அழைப்பு வராதபடி விமானப் பயன்முறைக்கு மாற்றி, கடைசி வரிசைக்கு அருகே, மின்விசிறிக்கு நேர்கீழே இல்லாத இடத்தில், மடித்த துணியின்மேல் வையுங்கள். ஒரு மணி நேரப் பாடத்தை முழுக்கக் கேட்க வேண்டியதில்லை. கேள்வி-பதில் நடந்த 10 நிமிடம் போதும். ஒரு தாளில் மூன்று பத்திகள் வரையுங்கள்: ஆசிரியர் பேச்சு, எல்லோரும் சேர்ந்து சொன்னது, ஒரு பிள்ளை தனியாகச் சொன்னது. ஒவ்வொரு முறைக்கும் ஒரு கோடு. மூன்றாம் பத்தி மெலிந்திருந்தால், வகுப்பு கலகலப்பாக இருந்ததே தவிர யார் பேசக் கற்றார்கள் என்பது தெரியாது. கூட்டாகச் சொல்லும்போது பலர் வாயை மட்டும் அசைப்பார்கள்.

அடுத்து, கேள்விக்கும் பதிலுக்கும் இடையிலான மௌனத்தைக் கணக்கிடுங்கள். அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் அறிவியல் வகுப்புகளை ஆராய்ந்தபோது, ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருந்தார்கள். அதை 3 விநாடியாக நீட்டியதும் பதில்கள் நீண்டன, தாமாகப் பேச முன்வந்தவர்களும் கூடினார்கள். புரியாத மொழியில் கேட்ட கேள்வியை மனத்துக்குள் புரட்டிப் பார்க்கும் ஏழு வயதுப் பிள்ளைக்கு அந்த மூன்று விநாடி இன்னும் அவசியம். பெயரைச் சொல்லிவிட்டுக் கேள்வி கேட்டால் மற்றவர்கள் யோசிப்பதை நிறுத்திவிடுவார்கள். முதலில் கேள்வி, மனத்துக்குள் மூன்று வரை எண்ணிக்கை, பிறகுதான் பெயர்.

பதிவில் தப்பாமல் கேட்கும் இன்னொன்று: "ஓப்பன் யுவர் புக், புத்தகத்தைத் திறங்க." உடனுக்குடன் தமிழ் வந்துவிடும் என்று தெரிந்தால் பிள்ளை ஆங்கிலத்தைக் கேட்பதே இல்லை. அன்றாடக் கட்டளைகள் ஐந்தைத் தேர்ந்து, கைச்சைகையோடு ஆங்கிலத்தில் மட்டும் சொல்லுங்கள். முகத்தில் குழப்பம் தெரிந்தால் சைகையை மீண்டும் செய்யுங்கள், தமிழ் கடைசியில் வரட்டும். புதுச் சொல்லின் பொருளுக்கோ அழும் பிள்ளைக்கோ தமிழில் பேசத் தயங்கவே வேண்டாம்.

ஒரு வாரத்தில் ஒரு பழக்கத்தை மட்டும் மாற்றுங்கள். அடுத்த வாரம் அதே வகைப் பகுதியைப் பதிவுசெய்து கோடுகளை ஒப்பிடுங்கள்.

காணொளி

குழு விளையாட்டு, பென்சில் பிடிக்கும் முறை, யார் யாரைப் பார்த்து எழுதுகிறார்கள் போன்றவற்றுக்கு மட்டுமே இது தேவை. தலைமையாசிரியர், பெற்றோர் இருவரின் ஒப்புதலும் வேண்டும். எந்த வாட்ஸ்அப் குழுவிலும் போடக் கூடாது. பார்த்ததும் அழித்துவிட வேண்டும். கேமராவைக் கண்டதும் பிள்ளைகள் நடிக்கத் தொடங்குவதால் முதல் பதிவு பெரும்பாலும் வீண்.

சக ஆசிரியர்

"நல்லா இருந்துச்சு டீச்சர்" என்பதோடு முடிந்துவிடுவதுதான் இதிலுள்ள ஆபத்து. மதிப்பெண் போடும் பார்வையிடலாக மாறுவது அதைவிட மோசம். வருபவரிடம் முன்னதாகவே ஒரே கேள்வியைக் கொடுங்கள்: யார் தனியாக ஆங்கிலம் பேசுகிறார்? அவர் கையில் இருக்கை வரைபடம் இருக்கட்டும். பிள்ளை பேசும் ஒவ்வொரு முறையும் அதன் பெயருக்கு மேல் ஒரு புள்ளி. அன்றே 15 நிமிடம் உட்கார்ந்து, கருத்தை விட்டுவிட்டுப் புள்ளிகளைப் பார்த்துப் பேசுங்கள். புள்ளியே விழாத மூலை எது என்பது ஆசிரியருக்கே தெரிந்திருக்காது.

150க்கும் குறைவான பிள்ளைகள் படிக்கும் சிறிய பள்ளியில் ஆங்கில ஆசிரியர் ஒருவரே இருக்கலாம். அங்கே மலாய் ஆசிரியரை அழையுங்கள். புள்ளி வைக்க ஆங்கிலப் புலமை தேவையில்லை. மலாய் ஒலி எங்கே குறுக்கிடுகிறது என்பதை அவர்தான் சட்டெனப் பிடிப்பார்.

பிள்ளைகளிடமே சிரித்த முகம், வாடிய முகம் அட்டைகளைக் கொடுத்துக் கேட்பதும் உண்டு. டீச்சரை மகிழ்விக்க எல்லோரும் சிரித்த முகத்தையே காட்டுவார்கள். அதற்குப் பதில், ஓய்வுக்குப் போகும்முன் வாசலில் ஒரு படத்தைக் காட்டி ஒரு வாக்கியம் சொல்லச் சொல்லுங்கள். நாளுக்கு ஆறு பேர் என்றால் 30 பேரும் ஐந்து நாளில் முடிந்துவிடுவார்கள்.

யாருக்கு எது

கோலாலம்பூரில் முப்பது பேர் நெருக்கி உட்காரும் வகுப்பு என்றால் இருக்கை வரைபடமும் வாசல் வாக்கியமும்தான் முதல் தேவை. அங்கே மறைந்துபோவது பிள்ளை. பினாங்கின் செபராங் பிறையில் எட்டு, பத்துப் பேர் உள்ள வகுப்பில் எல்லோரையும் ஆசிரியருக்குத் தெரியும். அங்கே கவனிக்க வேண்டியது ஆசிரியரின் பேச்சு, ஆகவே ஒலிப்பதிவு. புதிதாகச் சேர்ந்தவர் யாரையும் அழைக்கும்முன் இரண்டு மூன்று பதிவுகளைத் தனியாகக் கேட்டுவிடுவது நல்லது. எதைத் தேர்ந்தாலும், கண்டதை அன்றைய சிந்தனை மீட்சியில் பிள்ளையின் பெயர், தடுமாறிய சொல், நாளைய முதல் ஐந்து நிமிடம் என்று மூன்றாகப் பிரித்து எழுதுங்கள்.