ஹைக்கா, கம்பெனி மாற்றமா, கையில் இருக்கும் வேலையா? ஊக்கம் எதில் நிலைக்கிறது

பெங்களூரில் வேலை பார்க்கும் தமிழர்கள் நாலு பேர் சேர்ந்தால், அது அல்சூர் ஏரிக்கரைத் தமிழ்ச் சங்கமானாலும் சரி, வெள்ளிக்கிழமை இரவு மடிவாளாவில் சேலம் பஸ்ஸுக்காக நிற்கும் கூட்டமானாலும் சரி, பேச்சு சுற்றிச் சுற்றி வேலையில்தான் வந்து நிற்கும். "முன்ன மாதிரி வேலையில மனசு ஒட்டல" என்று ஒருவர் ஆரம்பித்தால், மற்றவர்கள் சொல்லும் யோசனைகள் பெரும்பாலும் மூன்றுக்குள் அடங்கிவிடுகின்றன. மேனேஜரிடம் பேசி ஹைக், அதாவது சம்பள உயர்வு, வாங்கு என்பது ஒன்று. கம்பெனியை மாற்று என்பது இன்னொன்று. இருக்கிற இடத்திலேயே வேலையின் தன்மையை மாற்றிக்கொள் என்பது மூன்றாவது. மூன்றாவதைச் சொல்பவர்களும் குறைவு, காது கொடுத்துக் கேட்பவர்களும் குறைவு. ஆனாலும் மூன்றையும் அருகருகே வைத்துப் பார்த்தால் நீண்ட நாள் தாங்குவது அதுதான் என்பது என் முடிவு. அது பொருந்தாத இடங்களும் உண்டு. அவற்றையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் ஹைக். பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கொடுத்து வீடு பிடித்து, ஊரில் இருக்கும் பெற்றோருக்கும் அனுப்பி, பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தையும் கட்டுகிறவருக்குச் சம்பளம் இரண்டாம்பட்சமான விஷயம் அல்ல. புதிதாகச் சேர்ந்த ஒருவர் அதே வேலைக்குத் தன்னைவிடக் கூடுதலாக வாங்குகிறார் என்று தெரிந்த நாளிலிருந்து ஒருவருக்கு வேலையில் மனம் செல்லவில்லை என்றால், அவருக்குத் தேவை அறிவுரை அல்ல, நியாயமான சம்பளம். அதைக் கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

கேள்வி அதற்குப் பிறகுதான் வருகிறது. அமெரிக்க உளவியலாளர் ஃபிரெடரிக் ஹெர்ஸ்பெர்க்கும் அவருடைய குழுவினரும் பிட்ஸ்பர்க் வட்டாரத்தில் சுமார் 200 பொறியாளர்களையும் கணக்காளர்களையும் சந்தித்து, வேலையில் மிகவும் மகிழ்ந்திருந்த சமயம் எது, மிகவும் நொந்துபோன சமயம் எது என்று கேட்டு, முடிவுகளை 1959இல் வெளியிட்டார்கள். நொந்ததற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் நிர்வாக விதிகளும் மேற்பார்வையும் சம்பளமும் வந்தன. மகிழ்ந்ததற்குச் சொல்லப்பட்டவையோ ஒன்றைச் செய்து முடித்த நிறைவு, கிடைத்த பாராட்டு, வேலையின் தன்மை, ஒப்படைக்கப்பட்ட பொறுப்பு ஆகியவை. நல்லது நடந்தால் தன்னையும் கெட்டது நடந்தால் நிர்வாகத்தையும் காரணம் காட்டுவது மனித இயல்பு என்பதால், இந்த ஆய்வு முறையைக் குறை சொன்னவர்களும் உண்டு. அது நியாயமான குறைதான். இருந்தாலும் குறைந்த சம்பளம் மனதைக் கெடுக்கும், கூடுதல் சம்பளம் மட்டுமே மனதை வேலையில் ஊன்றச் செய்யாது என்ற அந்த வேறுபாட்டை, சம்பளத்தை முடிவு செய்யும் ஆண்டு மதிப்பீடான அப்ரைசல் முடிந்த சில மாதங்களில் எந்த டீமிலும் கண்ணால் பார்க்கலாம். சம்பள உயர்வுக் கடிதம் கைக்கு வந்தவுடன் மனக்குறை தீர்கிறது. திங்கட்கிழமை காலை கணினியில் திறக்கும் டிக்கெட், அதாவது செய்ய வேண்டிய வேலைக்கான பதிவு, மட்டும் அதே டிக்கெட்டாகத்தான் இருக்கிறது.

நம் மண்ணிலேயே நடந்த ஒரு சோதனையும் இதற்குத் துணை நிற்கிறது. நடத்தைப் பொருளியல் ஆய்வாளர்கள் நால்வர் மதுரை வட்டாரத்தில் 87 பேரை வைத்து, கைத்திறனும் நினைவாற்றலும் தேவைப்படும் ஆறு விளையாட்டுகளை ஆடச் செய்தார்கள். ஒரு விளையாட்டுக்கு அதிகபட்சப் பரிசு சிலருக்கு 4 ரூபாய், சிலருக்கு 40, சிலருக்கு 400. அந்த 400 ரூபாய் அன்றைக்கு ஒருவருடைய சராசரி மாதச் செலவை நெருங்கிய தொகை. 2009இல் வெளியான முடிவின்படி 4 ரூபாய்க்காரர்களும் 40 ரூபாய்க்காரர்களும் ஏறத்தாழ ஒரே மாதிரி ஆடினார்கள். 400 ரூபாய்க்காரர்கள்தான் மோசமாக ஆடினார்கள். கைக்கு எட்டிய பெரிய தொகை அவர்களின் கவனத்தைக் குலைத்துவிட்டது. காலாண்டு இறுதியில் வேரியபிள் பே, அதாவது செயல்திறனைப் பொறுத்துக் கூடிக் குறையும் சம்பளப் பகுதியின் கணக்கைப் பார்த்தபடியே நிரல் எழுதுகிறவர்களுக்கு இது புதிய செய்தியாக இருக்காது. சம்பளம் தகராறில்லாத அளவை எட்டிய பிறகு, ஊக்கத்துக்காக அதையே துரத்துவதில் பயன் குறைவு.

கம்பெனி மாற்றம் ஹைக்கைவிட வலுவான மருந்து. சம்பளம், மேனேஜர், வேலை, போகும் வழி எல்லாம் ஒரே நாளில் மாறுகின்றன. ஊக்கத்தைத் தின்பது வேலையே அல்லாமல், தினமும் சில்க் போர்டு சந்திப்பின் போக்குவரத்து நெரிசலில் கரையும் நேரம்தான் என்றால், வீட்டுக்குப் பக்கத்தில் வேலை தேடிக்கொள்வது முழுமையான தீர்வு. அவமதிக்கும் மேனேஜருக்கும் அதுவே தீர்வு. அப்படிப்பட்டவரின் கீழ் இருந்துகொண்டே வேலையை விரும்பக் கற்றுக்கொள் என்று யாருக்கும் நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் இதுவும் சீக்கிரம் தேய்கிறது. வேலை மாறிய மேலாளர்களைத் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு 2005இல் வெளிவந்தது. மாறிய உடனே மனநிறைவு உயர்கிறது, பிறகு படிப்படியாக இறங்குகிறது என்று அது காட்டியது. புதிய இடத்தின் முதல் மாதங்களில் எல்லாமே கற்றுக்கொள்ள வேண்டியவையாக இருப்பதால், கற்பதன் மகிழ்ச்சியையே அந்த வேலையின் மகிழ்ச்சி என்று எடுத்துக்கொள்கிறோம் என்பது என் கணிப்பு. தவிர, இந்த வழி எப்போதும் திறந்திருப்பதில்லை. 2022 ஜூனுடன் முடிந்த பன்னிரண்டு மாதங்களில் இன்ஃபோசிஸில் தாமாக விலகியவர்களின் விகிதம் 28.4 சதவீதம், 2024 மார்ச்சுடன் முடிந்த பன்னிரண்டு மாதங்களில் அது 12.6 சதவீதமாக இறங்கிவிட்டது. வெளியே ஆஃபர் குறையும்போது உள்ளே இருப்பவர்கள் நகர்வதில்லை. அந்தச் சமயத்தில் கம்பெனி மாற்றம் ஒன்றையே நம்பியிருப்பவர், மனம் ஒட்டாத வேலையில் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க நேர்கிறது. ஐடி சேவை நிறுவனங்களில் பரவலாக உள்ள மூன்று மாத நோட்டீஸ் பீரியட், அதாவது ராஜினாமா கொடுத்த பிறகும் வேலை செய்ய வேண்டிய காலம், வேறு இதைக் கடினமாக்குகிறது.

மூன்றாவது வழியில் எனக்கு நம்பிக்கை வந்ததற்குக் காரணம் எலக்ட்ரானிக் சிட்டியில் டெஸ்டராக இருக்கும் நண்பர் ஒருவர். கடைகளுக்கான பில்லிங் மென்பொருளைச் சோதிப்பது அவர் வேலை. கண்ட பிழையை (பக்) எழுதி வைப்பார், யாரோ திருத்துவார்கள், டிக்கெட் மூடப்படும்; அந்த மென்பொருளை யார் பயன்படுத்துகிறார்கள் என்பது அவருக்குத் தெரியாது. ஒரு சனிக்கிழமை சிக்பேட்டையில் துணி எடுக்கப் போன இடத்தில், கல்லாவில் இருந்த கணக்குப்பிள்ளையின் திரையில் தன் மென்பொருளே ஓடுவதைக் கண்டு, ஓரமாக நின்று கவனித்திருக்கிறார். தள்ளுபடி போட்ட பிறகு திரை ஒவ்வொரு முறையும் முதல் வரிசைக்குத் தாவ, அந்தப் பெரியவர் ஒவ்வொரு பில்லுக்கும் கீழ் அம்புக்குறியைத் திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டிருந்தார். எந்தச் சோதனைப் பட்டியலிலும் இல்லாத குறை அது. நண்பர் அதைக் குறித்துக்கொண்டு வந்து மேனேஜரிடம் வாதாடித் திருத்த வைத்தார். பிறகு மாதம் ஒரு கடைக்காவது நேரில் போய்வர அனுமதியும் வாங்கினார். அவருடைய பதவியும் சம்பளமும் அப்போது மாறவில்லை. வேலையைப் பற்றி அவர் பேசும் விதம் மாறிவிட்டது.

இது ஒருவருக்கு மட்டும் நேர்ந்த அதிசயம் அல்ல. மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்காகத் தொலைபேசியில் நன்கொடை கேட்கும் பணியாளர்களை, அந்த நன்கொடையால் உதவித்தொகை பெற்ற மாணவர் ஒருவரைச் சில நிமிடங்கள் சந்திக்க வைத்தார்கள். ஒரு மாதம் கழித்துப் பார்த்தபோது அவர்கள் தொலைபேசியில் செலவிட்ட நேரம் இரண்டு மடங்குக்கு மேல் கூடியிருந்தது. அமெரிக்க உளவியலாளர் ஆடம் கிராண்ட் குழுவினரின் இந்த ஆய்வு 2007இல் வெளியானது. இன்னொரு அமெரிக்க உளவியலாளரான தெரேசா அமபிலே குழுவினர் 7 நிறுவனங்களில் 238 பேர் எழுதிய சுமார் 12,000 நாட்குறிப்புகளைப் படித்தபோது, மனம் மிகவும் நன்றாக இருந்த நாட்களில் 76 சதவீத நாட்களில் வேலை ஒரு படியாவது முன்னேறியிருந்தது. எது ஊக்கம் தரும் என்று 669 மேலாளர்களைக் கேட்டபோது, இந்த முன்னேற்றத்தை முதலிடத்தில் வைத்தவர்கள் 5 சதவீதத்தினர் மட்டுமே. ஆகவே மேனேஜரே வந்து இதைச் செய்து தருவார் என்று காத்திருப்பதில் பொருளில்லை; கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. ஒரு சிறு பகுதியைத் தொடக்கம் முதல் முடிவு வரை என் பொறுப்பில் விடுங்கள், வாடிக்கையாளர் அழைப்பில் மாதம் ஒருமுறை என்னையும் உட்கார வையுங்கள், வாரத்தில் இரண்டு காலை வேளைகளை மீட்டிங் இல்லாமல் விடுங்கள்: கேட்க வேண்டியவை இந்த அளவில்தான் இருக்க வேண்டும். பெரிதாகக் கேட்டால் அடுத்த காலாண்டில் பார்க்கலாம் என்ற பதில்தான் வரும்.

இந்த வழிக்கும் ஆபத்து உண்டு. ஆள் பற்றாக்குறையில் ஓடும் டீமில் கூடுதல் பொறுப்பு கேட்டால், சம்பளமில்லாத கூடுதல் வேலையாகவே அது முடியும். ஆகவே புதியதை வாங்கும்போதே பழையதில் எதை இறக்கி வைக்கிறோம் என்பதையும் பேசி முடிக்க வேண்டும். உடலும் மனமும் ஏற்கெனவே தீர்ந்துபோனவருக்கு மூன்று வழிகளில் எதுவுமே முதல் மருந்து அல்ல. உலக சுகாதார நிறுவனம் 2019இல் தன் நோய் வகைப்பாட்டில் பர்ன்அவுட்டை வேலை சார்ந்த நிலையாகக் குறிப்பிட்டபோது, சக்தி வற்றிப்போவது, வேலையிலிருந்து மனம் விலகுவது, செயல்திறன் குறைவது ஆகிய மூன்றையும் சேர்த்தே சொன்னது. அப்படி இருப்பவர் முதலில் விடுப்பு எடுக்க வேண்டும், தேவைப்பட்டால் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

மற்றவர்களுக்கு நான் சொல்லும் வரிசை இது. சம்பளம் சந்தை அளவுக்குக் கீழே இருந்தால் அதை முதலில் பேசுங்கள். அந்தக் குறை இல்லையென்றால், அல்லது தீர்ந்துவிட்டால், மூன்றாவது வழிக்கு ஆறு மாதம் கொடுங்கள். சின்னச் சின்னக் கோரிக்கைகள்கூட ஒவ்வொன்றாக மறுக்கப்பட்டால் தயங்காமல் ரெஸ்யூமேயைப் புதுப்பியுங்கள். அப்போது இன்டர்வியூவில் சம்பளத்தைத் தவிர வேறு என்ன கேட்பது என்ற தடுமாற்றம் இருக்காது. நான் செய்வதைப் பயன்படுத்துகிறவரை நான் சந்திக்க முடியுமா, முடிவுகளில் எவை என் கையில் இருக்கும், கடைசியாக இந்த இடத்தில் இருந்தவர் ஏன் போனார் என்று மூன்று கேள்விகளைக் கேளுங்கள். அவற்றுக்கு நேரான பதில் தராத இடம் எவ்வளவு ஹைக் கொடுத்தாலும் அந்த ஆஃபரை விட்டுவிடுங்கள்.