லேபிளில் ‘செக்’ என்று இருந்தால் அது இனிப்பு: ரான்ஸ் நகரக் கடையில் ஏமாந்த கதை

சென்ற இலையுதிர்காலத்தில் என் அக்காளுக்கும் மாமாவுக்கும் திருமணமாகி 30 ஆண்டுகள் நிறைந்தன. புதுச்சேரியிலிருந்து பாரிசுக்கு வந்து குடியேறிய எங்கள் குடும்பத்தில் ஒயினைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்தவர் மாமா ஒருவர்தான். காப்பியில்கூடச் சர்க்கரை போட்டுக்கொள்ளாத அவருக்கு, நுரைக்கும் ஒயின் என்றால் நாக்கில் இனிப்பின் சுவடே தட்டக்கூடாது. ஆகவே பேரங்காடியில் எதையோ எடுத்துவராமல், ஷாம்பெயின் விளையும் ஊருக்கே போய் இனிப்பில்லாத நல்ல ஷாம்பெயின் ஆறு பாட்டில்கள் வாங்கி வருவது என்று முடிவு செய்து, பாரிசின் கிழக்கு ரயில் நிலையத்தில் வண்டியேறி, முக்கால் மணி நேரத்தில் ரான்ஸ் நகரில் இறங்கினேன்.

பிரெஞ்சு மன்னர்கள் முடிசூட்டிக்கொண்ட அந்தப் பெரிய தேவாலயத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் ஷாம்பெயின் கடைகள் வரிசையாக இருக்கின்றன. நான் நுழைந்த கடையின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. பதினைந்து யூரோ கட்டினால் மூன்று வகைகளைச் சுவைத்துப் பார்க்கலாம் என்று வாசலில் பலகை வைத்திருந்தார்கள். விற்பனையாளர் மிகவும் மரியாதையாகப் பேசினார். முதல் இரண்டு கோப்பைகளும் எனக்குப் பெரிதாகப் படவில்லை. மூன்றாவதாக அவர் ஊற்றிய ‘எக்ஸ்ட்ரா ப்ரூட்’ என்ற வகையோ, எலுமிச்சைத் தோலும் சுட்ட ரொட்டியும் சேர்ந்த மணத்தோடு, பச்சை ஆப்பிளைக் கடித்தது போன்ற புளிப்போடு, விழுங்கிய பிறகு வாயில் ஒட்டும் எதையும் விட்டுவைக்காமல் சுத்தமாக இறங்கியது. மாமாவுக்கு இதுதான் என்று அப்போதே தீர்மானித்துவிட்டேன். அலமாரியில் அதன் விலை 41 யூரோ.

அங்கேதான் என் வாயே எனக்குக் குழி பறித்தது. பிரெஞ்சில், இனிப்பில்லாத ஒயினைப் பேச்சுவழக்கில் ‘செக்’ (sec), அதாவது ‘வறண்டது’, என்பார்கள். ஆங்கிலத்தில் ‘டிரை’ என்பதும் அதுவேதான். காலிக் கோப்பையைக் காட்டி, “இதுபோல, உங்களிடம் இருப்பதிலேயே மிக ‘செக்’கானது ஆறு பாட்டில்கள் வேண்டும்” என்று கேட்டேன். அவர் தலையசைத்துவிட்டு உள்ளறைக்குப் போய், ஏற்கெனவே மூடி நாடா ஒட்டிய ஓர் அட்டைப்பெட்டியைத் தூக்கிவந்து, அதன்மேல் ஒரு பட்டு ரிப்பனையும் கட்டிக் கொடுத்தார். ரசீதில் ‘ஷாம்பெயின், 6 × 41’ என்று மட்டும் இருந்தது. 246 யூரோவை அட்டையில் செலுத்திவிட்டு, பெட்டியைத் திறந்துகூடப் பார்க்காமல் ரயிலேறினேன். ரிப்பன் அவ்வளவு அழகாக இருந்தது என்பதைத் தவிர என்னிடம் வேறு சமாதானம் இல்லை.

விழா நாளன்று மெதுவடையும் வஞ்சிர மீன் வறுவலும் தட்டுகளில் சுடச்சுட வந்து அமர்ந்தன. எண்ணெயில் பொரித்த உப்புப் பண்டங்களோடு இனிப்பில்லாத நுரை ஒயின் சேர்வதுபோல வேறெதுவும் சேராது என்பது என் கட்சி. புளிப்பும் நுரையும் சேர்ந்து நாக்கிலுள்ள எண்ணெயை வழித்தெடுத்துவிட, அடுத்த வாய் வறுவல் முதல் வாயைப் போலவே ருசிக்கும். பாட்டிலைத் திறந்து எல்லாருக்கும் ஊற்றினேன். மாமா ஒரு வாய் குடித்தார், கோப்பையை விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

“என்ன மச்சான், ஷாம்பெயின் வாங்கியாரேன்னு போயிட்டு பன்னீர் சோடாவா வாங்கியாந்திருக்கே?”

அவர் சொன்னது மிகையில்லை. மீனின் காரத்தோடு அந்த இனிப்பு சேர்ந்து, மிளகாய்த்தூளில் வெல்லப்பாகு ஊற்றியது போல இருந்தது. பாட்டிலைத் திருப்பிப் பார்த்தேன். கடையில் சுவைத்த அதே நிறுவனம். அதே பாலாடை நிற லேபிள், அதே பொன்னிற எழுத்து. ஆனால் ‘எக்ஸ்ட்ரா ப்ரூட்’ இருக்க வேண்டிய இடத்தில், கண்ணாடி போட்டுத் தேடினால் மட்டும் தெரியும் அளவில், ‘செக்’ என்று அச்சிட்டிருந்தார்கள்.

இந்த ஒற்றைச் சொல்லுக்குப் பின்னால் உள்ள கதை தெரியாவிட்டால் யாரும் என்னைப் போலவே ஏமாறலாம் என்பதால் அதைச் சற்று விரித்துச் சொல்கிறேன். ஷாம்பெயினின் நுரை பாட்டிலுக்குள்ளேயே நடக்கும் இரண்டாவது நொதித்தலில் உண்டாகிறது. அதன்பின் ஈஸ்ட் வண்டலோடு மாதக்கணக்கில் நிலவறையில் கிடத்தி, பாட்டிலைச் சிறுகச் சிறுகத் திருப்பித் தலைகீழாக்கி, கழுத்தில் சேர்ந்த வண்டலை உறையவைத்து வெளியே தள்ளுவார்கள். அப்போது குறையும் அளவை நிரப்ப, சர்க்கரை கரைத்த ஒயினைச் சிறிது சேர்க்கிறார்கள். இதற்குத் ‘தொசாஜ்’ என்று பெயர். ஒரே நிலவறையில் ஒன்றாகக் கிடந்த ஒரே ஒயின், இந்தக் கடைசி நிமிடத்தில் எவ்வளவு சர்க்கரை விழுகிறது என்பதைப் பொறுத்து வெவ்வேறு பெயர்களைப் பெற்றுவிடும்.

19ஆம் நூற்றாண்டில் ஷாம்பெயின் என்றாலே இனிப்புப் பானம்தான். ரஷ்யாவுக்குப் போன பாட்டில்களில் லிட்டருக்கு 200 கிராமுக்கும் மேல் சர்க்கரை இருந்தது. அந்தப் பாகுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது 30 கிராம் சர்க்கரையுள்ள ஒயினே வறண்டதாகத் தோன்றியதால் அதற்குச் ‘செக்’ என்று பெயரிட்டார்கள். பிறகு ஆங்கிலேயர்கள் இன்னும் இனிப்புக் குறைந்ததைக் கேட்கத் தொடங்க, ‘எக்ஸ்ட்ரா டிரை’ வந்தது; அதுவும் போதாமல், ‘பக்குவப்படுத்தாதது’ என்று பொருள்படும் ‘ப்ரூட்’ வந்தது. ரான்ஸ் நகரின் பொமரி நிறுவனத்தை நடத்திய திருமதி பொமரி 1874ஆம் ஆண்டின் அறுவடையில் இனிப்பில்லாத ஷாம்பெயினைச் செய்து காட்டியது இந்த மாற்றத்தில் முக்கியமான கட்டம். நாக்கு முன்னே போய்விட்டது, பழைய பெயர்கள் மட்டும் சட்டப்புத்தகத்தில் அப்படியே தங்கிவிட்டன.

இன்றைய ஐரோப்பிய விதியின்படி, சர்க்கரையே சேர்க்காமல் விட்டு, ஒயினில் எஞ்சியுள்ள சர்க்கரையும் லிட்டருக்கு 3 கிராமுக்குக் குறைவாக இருந்தால் அது ‘ப்ரூட் நேச்சர்’. 6 கிராம் வரை ‘எக்ஸ்ட்ரா ப்ரூட்’. 12 கிராமுக்குள் ‘ப்ரூட்’. 12 முதல் 17 வரை ‘எக்ஸ்ட்ரா டிரை’. 17 முதல் 32 வரை ‘செக்’. 32 முதல் 50 வரை ‘தெமி செக்’. அதற்கும் மேலே ‘தூ’. கிராம் கணக்கு மனதில் நிற்காதவர்கள் தேக்கரண்டிக் கணக்கில் பார்க்கலாம். முக்கால் லிட்டர் பாட்டில் ஒன்றில், நான் சுவைத்த எக்ஸ்ட்ரா ப்ரூட்டாக இருந்தால் அதிகம் போனால் ஒரு தேக்கரண்டிச் சர்க்கரை இருக்கும். வீட்டுக்கு வந்த ‘செக்’கில் மூன்றிலிருந்து ஆறு தேக்கரண்டிவரை இருக்கலாம். ‘எக்ஸ்ட்ரா டிரை’ என்பதும் இதே கண்ணிதான். மிகமிக இனிப்பற்றது என்று காதில் விழும் அந்தப் பெயர் சாதாரண ‘ப்ரூட்’டை விட இனிப்பானது. இத்தாலியின் நுரை ஒயினான ப்ரொசெக்கோவின் பாட்டில்களில் இந்தச் சொல் அடிக்கடி கண்ணில் படும். ப்ரொசெக்கோ மோசம் என்பதல்ல, பெயரை நம்பி வாங்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

மறுநாள் காலையில் கடைக்குத் தொலைபேசியில் பேசினேன். அதே விற்பனையாளர்தான் எடுத்தார். சூடான அறையில் எந்த ஒயினும் இனிப்பாகத்தான் தெரியும், நீங்கள் சரியாகக் குளிரவைத்திருக்க மாட்டீர்கள் என்றார். இதில் பாதி உண்மை இருக்கிறது. குளிர்ச்சி இனிப்பை அமுக்கும், வெப்பம் அதைத் தூக்கிக் காட்டும். ஆனால் மாமா முந்தைய இரவே இரண்டாவது பாட்டிலைப் பனிக்கட்டியும் தண்ணீரும் கலந்த வாளியில் அரை மணி நேரம் அமிழ்த்தி, சமையலறை வெப்பமானியை விட்டு 8 பாகை என்று பார்த்த பிறகுதான் திறந்திருந்தார். அப்போதும் பன்னீர் சோடா பன்னீர் சோடாவாகவே இருந்தது. இதைச் சொன்னதும் அவர் பேச்சை மாற்றினார். “ஐயா, நீங்கள் ‘செக்’ என்றுதானே கேட்டீர்கள்? ‘செக்’கைத்தான் கொடுத்தேன்” என்றார்.

பெட்டியைக் கட்டிக் கொடுப்பதற்குப் பத்து நிமிடங்களுக்கு முன் நான் சுவைத்துப் புகழ்ந்தது எது என்பது அவருக்குத் தெரியும். பேச்சில் ‘செக்’ என்பதற்கும் லேபிளில் ‘செக்’ என்பதற்கும் உள்ள தூரமும் தெரியும். அந்த ஊரில் ஷாம்பெயின் விற்கும் ஒருவருக்கு இது தெரியாமல் இருக்க வழியே இல்லை. ஆனால் அவரைக் காட்டிக்கொடுத்தது வேறொன்று. பெட்டிக்குள் கடையின் விலைப்பட்டியல் ஒன்று மடித்து வைக்கப்பட்டிருந்தது. அதில் ‘செக்’கின் விலை 33 யூரோ. எக்ஸ்ட்ரா ப்ரூட்டுக்குப் பணம் வாங்கிக்கொண்டு ‘செக்’கைக் கட்டிக் கொடுத்திருக்கிறார்; பாட்டிலுக்கு 8 யூரோ வீதம் 48 யூரோ கூடுதல். நான் கேட்டது ‘செக்’ என்றால் ஏன் 41 யூரோ வாங்கினீர்கள் என்று கேட்டேன். கணினியில் நேர்ந்த தவறு, பாட்டில்களை நேரில் கொண்டுவந்தால் பார்க்கலாம் என்றார்.

இணையத்தில் வாங்கியிருந்தால் பிரான்சில் 14 நாட்களுக்குள் காரணமே சொல்லாமல் திருப்பியனுப்பும் உரிமை உண்டு. கடையில் நேரில் வாங்கிய பொருளுக்கு அந்த உரிமை கிடையாது. கேட்ட பொருளைக் கொடுக்கவில்லை என்று நாம்தான் காட்ட வேண்டும். என் ரசீதிலோ வெறும் ‘ஷாம்பெயின்’ என்று இருந்தது. வகையின் பெயரை எழுதாத ரசீதை வாங்கி மடித்து வைத்துக்கொண்டதுதான் நான் செய்த பிழைகளிலேயே பெரியது. இருந்தாலும், நுகர்வோர் புகார்களுக்காக அரசு நடத்தும் சிக்னல்கான்சோ தளத்தில் ரசீது, விலைப்பட்டியல், லேபிள் ஆகிய மூன்றின் படங்களையும் சேர்த்துப் புகார் பதிந்தேன்.

இனி ஷாம்பெயின் வாங்கப் போகிறவர்கள் ‘செக்’, ‘டிரை’ என்ற சொற்களையே கடையில் பயன்படுத்தாமல், எத்தனை கிராம் தொசாஜ் என்று கேளுங்கள். அந்தக் கேள்வியைக் கேட்பவரிடம் யாரும் விளையாட மாட்டார்கள். இனிப்பின் வகையை லேபிளில் குறிப்பிடுவது சட்டப்படி கட்டாயம் என்பதால் அந்தச் சொல் எங்காவது இருந்தே தீரும். பெட்டியை மூடுவதற்கு முன் ஒவ்வொரு பாட்டிலிலும் அதைத் தேடிப் படியுங்கள், ரசீதிலும் எழுதச் சொல்லுங்கள். கண்ணாடிச் சன்னலில் விளக்கு வெளிச்சத்தில் நின்ற பாட்டிலை, அதிலும் நிறமற்ற பாட்டிலை, எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் எடுக்காதீர்கள். வெளிச்சம் பட்டுக் கெட்ட ஒயினில் வேகவைத்த முட்டைக்கோசின் நாற்றம் வரும். வாங்கியது ஷாம்பெயின்தானா என்றே சந்தேகம் வந்தால், திறந்தபின் தக்கையைப் பாருங்கள்: பாட்டிலுக்குள் இருந்த பக்கவாட்டில் ‘ஷாம்பெயின்’ என்ற சொல் பொறிக்கப்பட்டிருக்க வேண்டும். எங்கள் தக்கைகளில் அது இருந்தது. ஆக, அந்தக் கடை போலியை விற்கவில்லை. அசலையே தவறான ஆளுக்கு, தவறான விலைக்கு விற்றது.

அந்த ‘செக்’கின் மீது எனக்குக் கோபமில்லை என்பதையும் சொல்ல வேண்டும். திருமண வீடுகளில் கேக் வெட்டும் நேரத்தில் ‘ப்ரூட்’டை ஊற்றி, கேக்கின் இனிப்புக்கு முன்னால் ஒயின் வெறும் புளிப்பாகிப்போக, எல்லாரும் முகத்தைச் சுளித்துக்கொண்டே வாழ்த்துவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அந்த இடத்துக்கு ‘செக்’கோ ‘தெமி செக்’கோதான் சரி.

மூன்று வாரங்கள் கழித்துத் தளத்தின் வழியே கடையின் பதில் வந்தது. திறக்காத நான்கு பாட்டில்களையும் என் செலவில் ரான்ஸுக்குக் கொண்டுவந்தால் மாற்றித் தருவார்களாம். திறந்த இரண்டுக்கு எதுவும் இல்லை. போய்வர ரயில் கட்டணத்தையும் ஒரு நாள் விடுப்பையும் கணக்குப் போட்டுவிட்டு, புகாரில் ‘தீர்வு ஏற்கத்தக்கதாக இல்லை’ என்று குறித்து முடித்தேன். நான்கு பாட்டில்களும் இப்போது அக்காள் வீட்டு நிலவறையில் இருக்கின்றன. பேத்தியின் பிறந்தநாள் கேக்குக்கு என்று அக்காள் சீட்டு எழுதி ஒட்டியிருக்கிறாள். அதற்குக் கீழே மாமா தன் கையெழுத்தில் ‘பன்னீர் சோடா, மச்சான் உபயம்’ என்று சேர்த்திருக்கிறார்.