தஞ்சாவூரில் பாஸ்க் சிறுதட்டுகள்

தஞ்சாவூரில் ஓர் ஓட்டல் பாரில் பாஸ்க் நாட்டுப் பின்ச்சோக்கள் என்னும் சிறுதீனிகளும் ஒயினும் கிடைக்கின்றன என்று மைத்துனர் சொன்னதும் சனிக்கிழமை மாலையே கிளம்பிவிட்டோம். ஸ்பெயினின் பாஸ்க் பகுதியிலுள்ள சான் செபாஸ்தியானில் இவற்றை பார் மேடையில் அடுக்கி வைத்திருப்பார்கள். நின்றபடியே எடுத்துச் சாப்பிட வேண்டியதுதான். இங்கே மேசைக்கே கொண்டுவருகிறார்கள்.

மனம் நிறைந்தது கில்டாவில்தான். ஒரு குச்சியில் ஆலிவ், ஊறுகாய் மிளகாய், உப்பில் பதப்படுத்திய நெத்திலி. மீன் நாகப்பட்டினத்திலிருந்து வருகிறதாம். எண்ணெயில் பளபளத்த அந்த மீனை மிளகாயைச் சுற்றி வளைத்துக் குத்தியிருந்தார்கள். மொத்தத்தையும் ஒரே வாயில் போட்டால் முதலில் உப்பு, பிறகு புளிப்பு, கடைசியில் ஆலிவின் கசப்பு. மிளகாய்தான் நம்மூர்க் காரம். பாஸ்க் மிளகாய் சாது. இங்கே போடும் மிளகாய் மீனின் சுவையை அமுக்கிவிடுகிறது. அதை மட்டும் மாற்றினால் போதும்.

உருளைக்கிழங்கு ஆம்லெட் நடுவில் குழைவாக இருக்க வேண்டும், வறண்டிருந்தது.

பாஸ்க் நாட்டுச் சாக்கோலி ஒயின் இல்லை. நாசிக் வெள்ளை ஒயின் தந்தார்கள். நெத்திலிக்கு நன்றாகவே பொருந்தியது. ஆனால் கையை உயர்த்தி ஊற்றுவது எதற்கு? சாக்கோலியில் இருக்கும் மெல்லிய நுரைப்பு எழுவதற்காகத்தான் அங்கே அப்படி ஊற்றுகிறார்கள். இந்த ஒயினில் நுரைப்பே கிடையாது.

மேற்புறம் கருகவிட்டுச் சுட்ட சீஸ்கேக்கை மைத்துனர் இரண்டாவது முறையும் கேட்டு வாங்கினார். அடுத்த முறை கில்டாவும் கேக்கும் மட்டும் சொல்வேன், மிளகாயைக் குறைக்கச் சொல்லி.